சேர்வராயன் மண், பாண்டிச்சேரி மணல்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் ஏற்காடு மலையில் சிவப்புச் சேலைகள் கூடிவிடும். வெள்ளக்கடை, நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் என்று ஊர் ஊராக மேல்மருவத்தூருக்கு வேன் கிளம்புகிற பருவம் அது. காப்பிப் பழம் பறிக்கும் வேலை முடிந்திருக்கும், அல்லது முடிகிற தறுவாயில் இருக்கும். கையில் கொஞ்சம் கூலிப் பணமும் தங்கியிருக்கும். இருமுடி செலுத்தி, கும்பிட்டு வெளியே வந்ததும் வேனுக்குள் எழுகிற முதல் கேள்வி, "பாண்டி போறோமா, இல்லையா?" என்பதுதான். போவார்கள். வேன் பேசும்போதே அதையும் சேர்த்துத்தான் பேசியிருப்பார்கள்.

சேலத்திலிருந்து புதுச்சேரிக்கு ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாக இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அதற்கு முன்னால் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டும். பிறந்ததிலிருந்து ஏற்காடு ஏரியைத்தான் பெரிய தண்ணீர் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கடல் முதலில் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. "இதுக்கு அக்கரை எங்க?" என்று கேட்கும் ஆயாவுக்கு, "அந்தமான் ஆயா" என்று வேன் டிரைவர் சொன்னால் அது வெறும் கிண்டல் ஆகாது. புதுச்சேரியிலிருந்து நேர்கிழக்கே போனால் அந்தமான் தீவுகள்தான் வரும்.

மாலை ஆறு மணி ஆனதும் பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரைக்கும் அது நடப்பவர்களின் சாலை. வேன் எங்கோ ஒரு சந்தில் நிற்க, கூட்டம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து வரும். செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட உயரமான கல்தூண்களுக்கு நடுவே நிற்கும் காந்தி சிலை. 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். பிரெஞ்சுக்காரர்களின் போர் நினைவுச் சின்னம். சுற்றுலாத் துறையினர் நடத்தும் லே கஃபேயின் காப்பி விலையைக் கேட்டுவிட்டு, காப்பித் தோட்டத்திலேயே வேலை பார்ப்பவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பிவிடுவதும் உண்டு. சுண்டல், மாங்காய்ப் பத்தை, பஞ்சு மிட்டாய். பிறகு, காந்தி சிலைக்கு வடக்கே தலைமைச் செயலகம் இருக்கும் பக்கமாக இறங்கினால் மணல்.

சின்ன பீச்தான். மெரினாவில் நடந்து பழகியவர் ஒரே மூச்சில் கடந்துவிடலாம். ஆனால் வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது, காரில் வந்தவருக்கு ஓர் இடம், வேனில் வந்தவருக்கு வேறு இடம் என்ற பாகுபாடும் கிடையாது. பிரெஞ்சுப் பயணி, வில்லியனூர்க் குடும்பம், பெங்களூர் ஐ.டி. பையன்கள், சிவப்புச் சேலைக்காரர்கள் எல்லாரும் ஒரே மணலில் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த மணல் 2015-ல் இங்கே இல்லை.

காணாமல் போன கரை

புதுச்சேரிக்காரர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் தெரியும். அவர்கள் சின்ன வயதில் விளையாடியது மணலில். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் வளர்ந்தது கருங்கல்லில். 1990-க்குப் பிறகு பிறந்த ஒரு தலைமுறை முழுவதும் 'பீச்' என்றாலே அடுக்கிக் கொட்டிய பாறை, அதன் இடுக்கில் ஓடும் நண்டு, முகத்தில் தெறிக்கும் அலை என்றுதான் அறிந்திருந்தது. வெளியூர்க்காரர்கள் அதற்கு 'ராக் பீச்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கற்கள் அழகுக்காகக் கொட்டியவை அல்ல. மணல் போய்விட்டதால் ஊரும் போய்விடக் கூடாது என்று பயந்து கொட்டியவை.

மணல் எப்படிப் போனது? நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில், 1986 முதல் 1989 வரை ஒரு துறைமுகம் கட்டினார்கள். வாய்க்கு இருபுறமும் கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. மார்ச் வாக்கில் தெற்கிலிருந்து அலை சாய்வாக வந்து கரையில் மோதத் தொடங்கும். ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலை அள்ளி வடக்கே ஓரடி தள்ளி வைக்கும். அக்டோபர் வரை இதே கதை. வாடைக்காற்று தொடங்கியதும் ஓட்டம் தெற்கே திரும்பும். ஆனால் அந்த மூன்று நான்கு மாதங்களில் திரும்பிப் போவது குறைவு. கூட்டிக் கழித்தால் புதுச்சேரிக் கரையோரமாக ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கி நடந்துகொண்டிருக்கிறது. பத்து கன மீட்டர் கொள்ளும் லாரியில் ஏற்றினால் ஐம்பதாயிரம் லாரி. துறைமுகச் சுவர், திண்ணையை அடைத்துக்கொண்டு குறுக்கே கால் நீட்டிப் படுத்தவரைப் போல, இந்த நடையைத் தடுத்துவிட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே அலை வழக்கம்போல அள்ளிக்கொண்டே இருந்தது; இட்டு நிரப்பத்தான் எதுவும் வரவில்லை. சில ஆண்டுகளுக்குள் நகரத்தின் கரை கரைந்தே போயிற்று.

தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. 1876-ல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியபோது நடந்ததும் இதுதான். தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாயிற்று; வடக்கே ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கடலுக்கு நிலத்தைக் கொடுத்தன. நூறு வருடப் பாடம் நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில் கண்முன்னே இருந்தது. அதனால்தான் புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலேயே, தெற்கில் சேரும் மணலைக் குழாய் மூலம் வடக்கே இறைத்துவிட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். சுவரைக் கட்டிய சுறுசுறுப்பு மணலை இறைப்பதில் இருந்ததில்லை. துறைமுகத்தில் பெரிய கப்பல் போக்குவரத்தும் வேரூன்றவில்லை. கப்பலும் வராமல் கரையும் போன கணக்கு அது.

இதைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் 'பாண்டிகேன்' என்ற குடிமக்கள் அமைப்பினர். ஆவணப்படம் எடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள், பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்து வைத்து, இங்கே மணல் இருந்தது என்று புதிய தலைமுறைக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. பாரதி 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் வாழ்ந்த ஊர். அவர் நடந்த கடற்கரை மணற்கரையாக இருந்தது என்பதைப் படம் காட்டி நம்ப வைக்க வேண்டிய நிலை.

தண்ணீருக்குள் ஓர் இரும்பு ஆப்பு

பழையபடி இன்னும் கல் கொட்டுவதற்குப் பதிலாக வேறொரு யோசனை வந்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறியாளர்கள், மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் ஆதரவோடு, தண்ணீருக்கு மேல் தலைகாட்டாத செயற்கைப் பாறை ஒன்றை வடிவமைத்தார்கள். பாறை என்பது பேச்சுக்குத்தான். அது சுமார் 900 டன் எடையுள்ள இரும்புப் பெட்டகம். மேலிருந்து பார்த்தால் ஆப்பு போன்ற முக்கோணம். 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கரைக்குப் பக்கத்திலேயே கடலுக்குள் இறக்கினார்கள்.

அது செய்வது ஒன்றுதான். பெரிய அலை கரைக்கு வருமுன்னே இதன் மேல் ஏறி உடைந்துவிடுகிறது. உடைந்த அலைக்கு மணலைச் சுமக்கும் வலு இல்லை. சுமையைப் பின்னாலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. கூடவே துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கரையில் கொட்டினார்கள். ஒன்றிரண்டு வருடத்துக்குள், பாறை மட்டும் இருந்த இடத்தில் பிள்ளைகள் வீடு கட்டி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். முப்பது வருடம் கழித்து மணல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பார்ப்பதற்காகவே முதியவர்கள் வந்தார்கள்.

இதைப் பொறியியலின் வெற்றி என்று கொண்டாடுவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் பாதி வெற்றி. திட்டம் இரண்டு அமைப்புகளுக்கு. நகரத்தின் வடக்குப் பாதிக்கும் தெற்குப் பாதிக்கும் ஒவ்வொன்று. 2018-ல் இறங்கியது வடக்குக்கானது மட்டும். வாடைக்காலத்தில் இந்த மணல் ஒடுங்குவதையும், மறுபடி அகலமாவதையும் இங்கே தினமும் நடப்பவர்கள் கவனித்திருப்பார்கள். முகத்துவாரத்தைத் தூர்வாராமல் விட்டால் இரும்பு ஆப்பால் மணலை உண்டாக்க முடியாது. வருகிற மணலைப் பிடித்துவைக்க மட்டுமே அதற்குத் தெரியும்.

வருகிற மணல் எங்கிருந்து வருகிறது?

வாணியாறு கொண்டுவருவது

வெள்ளக்கடைக்காரர்கள் காலடியில் உதறிவிட்டுப் போகும் அந்த மணலில் அவர்கள் ஊர் மலைக்கும் பங்கு உண்டு.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை தண்ணீரை இரண்டாகப் பிரித்து அனுப்புகிறது. தெற்குப் பக்கம் திருமணிமுத்தாறு சேலம் நகரத்துக்குள் புகுந்து, படாத பாடுபட்டு, காவிரிக்குப் போகிறது. வடக்குச் சரிவில் விழும் மழை வாணியாறாகி, தர்மபுரி மாவட்டம் முள்ளிக்காட்டில் உள்ள அணையில் தேங்கி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கமாக ஓடித் தென்பெண்ணையில் சேர்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து நானூறு கிலோமீட்டர் வரும் தென்பெண்ணை, சாத்தனூர், திருக்கோவிலூர் தாண்டி, கடலூருக்குச் சற்று வடக்கே தாழங்குடா அருகே கடலில் கலக்கிறது. அங்கிருந்து புதுச்சேரி வடக்கே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்தான். முகத்துவாரத்தில் ஆறு கொட்டிய மணலை அலைகள் வடக்கே நகர்த்தினால் வழியில் வரும் நகரம் புதுச்சேரி. செஞ்சி மலைகளின் பங்கைச் சங்கராபரணி கொண்டுவருகிறது.

சேர்வராயனின் உடம்பு சார்னோகைட் என்னும் கருநிறப் பாறை. சென்னை பல்லாவரத்தில் இருப்பதும் அதே வகைதான். மழையிலும் வெயிலிலும் அது நொறுங்கும்போது கெட்டியான குவார்ட்ஸ் மணலாக மிஞ்சும். கருப்பும் சிவப்பும் கலந்த கனமான தாதுத் துகள்கள் தனியே பிரியும். அலை வடிந்த பிறகு மணலில் கருங்கோடு போட்டது போலத் தெரிவது இந்தக் கனத் துகள்கள்தான். எந்தத் துகள் எந்த மலையினுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மலையிலிருந்து கடலுக்கு ஒரு மணல் துகள் வந்து சேர எத்தனையோ தலைமுறை ஆகும். வழி மட்டும் ஒன்றுதான்.

அந்த வழியும் இப்போது அடைபட்டுவிட்டது. 1950-களின் இறுதியில் கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் வந்தன. பாசனத்துக்கு அவை தேவைதான். ஆனால் அணை தண்ணீரைத் திறந்துவிடும், மணலைத் திறந்துவிடாது. அணைக்குக் கீழே ஆற்றில் மிஞ்சியதை லாரிகள் அள்ளின. துறைமுகச் சுவரைத் திட்டும் நாம், ஆற்றிலேயே மணல் குறைந்துவிட்டதைப் பேசுவதில்லை. கடற்கரை அரிப்பு என்றால் கடலைத்தான் பார்க்கிறோம்.

மலைக்கும் கரைக்கும் உள்ள உறவைச் சந்தேகப்படுபவர்கள் 2024-ஐ நினைத்துப் பார்க்கலாம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் நகரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. புயல் வலுவிழந்து மேற்கே நகர்ந்து, விழுப்புரத்தையும் திருவண்ணாமலையையும் நனைத்துவிட்டு மலைகளுக்குப் போனது. ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏற்காட்டில் பெருமழை, மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்தார்கள். தென்பெண்ணை கரைபுரண்டு விழுப்புரம், கடலூர் கிராமங்களையும் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியையும் மூழ்கடித்தது. கரையில் ஏறிய புயல் மலைக்குப் போய், வெள்ளமாகி, மூன்றே நாளில் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட்டது. வெள்ளக்கடையில் மண் சரிந்தால் பாகூரில் யாருக்கு என்ன என்று இனி கேட்க முடியாது.

வடக்கே ஒரு கிலோமீட்டர்

நகரத்துக்கு மணல் கிடைத்துவிட்டது. குப்பங்களுக்கு?

தலைமைச் செயலகத்தைத் தாண்டி வடக்கே நடந்தால் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். மாசி மகத்தன்று மயிலம் முருகனும், தீவனூர்ப் பிள்ளையாரும், செஞ்சிப் பக்கத்துச் சிங்கவரம் ரங்கநாதரும் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் இடம் வைத்திக்குப்பம். உள்நாட்டுச் சாமிகள் ஆண்டுக்கொரு முறை கடல் பார்க்க வருகிற ஊர் அது. அங்கே கடற்கரை என்பது பொழுதுபோக்கு இல்லை. ஃபைபர் படகை ஏற்றி வைக்க, வலையை விரித்துப் பிரிக்க, மீன் காயவைக்க வேண்டிய முற்றம். கல் கொட்டிய கரையில் படகு ஏறாது. நகரத்தை 2004 ஆழிப்பேரலையிலிருந்து பெருமளவு காப்பாற்றியது அந்தக் கற்சுவர்தான் என்று சொல்வார்கள், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சுவர் நின்ற இடத்துக்கு அப்பால் அரிப்பு இன்னும் வேகமாக நகர்ந்தது என்பதும் உண்மை.

சோலை நகரைத் தாண்டினால் மாநில எல்லை. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார் சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். துறைமுகம் கட்டியது புதுச்சேரி, வீடிழந்தது விழுப்புரம். தந்திராயன்குப்பத்தில் தூண்டில் வளைவுகள், அதாவது கடலுக்குள் நீளும் கல்வரிசைகள், போட்டார்கள். ஒவ்வொரு தூண்டில் வளைவும் தனக்குத் தெற்கே கொஞ்சம் மணலைப் பிடித்துக்கொண்டு, வடக்கே இருக்கும் அடுத்த ஊருக்குப் பசியை அனுப்பிவைக்கிறது. அடுத்த ஊரும் தூண்டில் வளைவு கேட்கிறது. இந்த வரிசைக்கு எங்கே முடிவு என்று கேட்டால் மரக்காணம் பக்கம் கைகாட்ட வேண்டியிருக்கும்.

இரண்டு அரசுகள் ஒரு மணலைப் பங்கு போட்டுக்கொள்ள முடியுமா? ஆஸ்திரேலியாவில் செய்திருக்கிறார்கள். ட்வீட் ஆற்றின் வாய் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில். அதன் தடுப்புச் சுவர்களால் மணல் இழந்தது எல்லைக்கு வடக்கே குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கோல்ட் கோஸ்ட் கடற்கரை. அங்கும் மணலின் வழக்கமான நடை வடக்கு நோக்கித்தான், அளவும் ஏறத்தாழ ஆண்டுக்கு ஐந்து லட்சம் கன மீட்டர்தான். இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டு, சட்டம் இயற்றி, செலவைப் பகிர்ந்து, 2001 முதல் ஆற்றுக்கு அடியில் குழாய் வைத்து மணலைத் தெற்கிலிருந்து வடக்கே இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இறைப்பது அன்றாட வேலை. இங்கே தூர்வாருவது ஒரு விழா. டெண்டர், பூமி பூஜை, புகைப்படம், பிறகு நீண்ட மௌனம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை

இந்தச் சின்ன பீச்சுக்குப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இது உட்காரும் கரை, குளிக்கும் கரை அல்ல. மணல் வந்ததும் கூடவே வந்த துயரம் நீரில் மூழ்கிய சாவுகள். இறங்கியதும் பள்ளம், அடியில் பழைய கருங்கற்கள், பக்கத்தில் 1866-ல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டி 1952 புயலில் அழிந்த கடல்பாலத்தின் இரும்புக் கால்கள். தெற்கே இருக்கும் பிந்தைய பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. மலையில் ஏரியிலும் ஓடையிலும் நீந்திப் பழகிய பையன்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நீச்சல் தெரியும் என்ற தைரியம் இழுக்கும் அலையிடம் செல்லாது. போலீஸ்காரர் விசில் அடித்தால் அவர்மேல் கோபப்பட வேண்டாம்.

குளித்தே ஆக வேண்டும் என்றால் தெற்கே சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் பீச் இருக்கிறது. 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றது. உடை மாற்ற அறை, உயிர்காக்கும் காவலர்கள் எல்லாம் உண்டு; கட்டணமும் உண்டு. வேன் நிறையப் போகும் குடும்பங்கள் அதற்கும் ஒரு கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்யும்.

நேரம் இருந்தால் காந்தி சிலையோடு திரும்பிவிடாமல் வைத்திக்குப்பம் வரை நடந்து பாருங்கள். அங்கிருந்து கோட்டக்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தால் தந்திராயன்குப்பத்தின் தூண்டில் வளைவுகளையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கல்வரிசைக்கும் தெற்கே நின்று ஒரு தடவை, வடக்கே நின்று ஒரு தடவை மணலின் அகலத்தைக் கண்ணால் அளந்தால் போதும். துறைமுகத்தைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்காது.